கோயில் குளத்தில் மீன் விடும் முன் நீர்த்தெள்ளுகளை எண்ண வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை தொடங்கியதும் கோயில் குளங்களின் நீர் பச்சை பிடித்து நாறுவதும், மீன்கள் செத்து மிதப்பதும், அதற்குப் பரிகாரமாக மேலும் மீன்குஞ்சுகள் விடப்படுவதும் ஆண்டுதோறும் செய்தியாகின்றன. கழிவுநீர் கலப்பதே குளம் பச்சையாவதற்குக் காரணம் என்று அச்செய்திகள் சொல்வது சரியே. ஆனால், ஆண்டு முழுவதும் அதே சாக்கடை கலக்கும் ஒரு குளம் தை மாதத்தில் நாலைந்து படிகள் தெரியுமளவு தெளிந்திருந்து, சித்திரையில் முதற்படிகூடத் தெரியாமல் பச்சையாவது ஏன் என்ற கேள்விக்குக் கழிவுநீர் மட்டும் விடையாகாது. விடையின் பெரும்பகுதி, வெறுங்கண்ணுக்கு வெண்புள்ளிகளாக மட்டுமே தெரியும் நீர்த்தெள்ளுகளின் எண்ணிக்கை பருவந்தோறும் ஏறி இறங்குவதில் இருக்கிறது. காவிரிப் பாசனப் பகுதியில் நெடுங்காலம் விலங்கியல் கற்பித்தவன் என்ற முறையில், குளங்களை நிர்வகிப்போரின் கவனத்துக்கு இதைக் கொண்டுவர விரும்புகிறேன்.

நீர்த்தெள்ளு பூச்சியன்று, இறாலும் நண்டும் அடங்கிய ஓட்டுடலிகளைச் சேர்ந்தது. வண்ணமீன் வளர்ப்போர் இதை டாப்னியா என்றும், இதனினும் சிறிய உறவினத்தை மொய்னா என்றும் சொல்லி மீன்குஞ்சுகளுக்கு உயிருணவாகப் போடுகிறார்கள். சென்னைக் கொளத்தூர்ப் பக்கத்தில் வண்ணமீன் தொழில் செய்பவர்களுக்கு இதைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நம் குளங்களில் பரவலாக இருக்கும் மொய்னா மைக்ரூரா, செரியோடாப்னியா கார்னூட்டா, டயாபனோசோமா ஆகியவை ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அல்லது அதற்கும் குறைவான நீளம் கொண்டவை. டாப்னியாவின் பெரிய இனங்கள் சில மில்லிமீட்டர் வரை வளர்கின்றன. குளத்து நீரைக் கண்ணாடிக் குவளையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால் துள்ளித் துள்ளி மேலேறுபவை இவையே. உடலின் இருபுறமும் முட்டைப் பைகளைச் சுமந்துகொண்டு வெட்டிவெட்டி நீந்தும் சைக்ளாப்ஸ் வேறு உயிர். குடிநீர் வழியே உடலுக்குள் புழு புகும் நரம்புச் சிலந்தி நோயைப் பரப்பியது அதுதான். இந்தியாவில் அந்நோய் ஒழிந்துவிட்டதென உலகச் சுகாதார நிறுவனம் 2000-ஆம் ஆண்டிலேயே சான்றளித்துவிட்டது. ஆயினும், நீரில் எது துள்ளினாலும் மருந்தைக் கொட்டிவிட வேண்டும் என்ற பழைய அச்சம் முழுதும் அகலவில்லை.

நீர்த்தெள்ளு தன் கால்களிலுள்ள நுண்மயிர்களைச் சல்லடையாகக் கொண்டு நீரை இடைவிடாமல் வடித்து, அதில் மிதக்கும் ஒற்றைச் செல் பாசிகளையும் பாக்டீரியாக்களையும் மக்கிய துகள்களையும் உண்கிறது. நாளொன்றுக்குப் பத்து மில்லிலிட்டர் நீரை வடிக்கும் நீர்த்தெள்ளுகள் ஒரு லிட்டரில் நூறு இருந்தால், கணக்குப்படி அந்த லிட்டர் முழுவதும் ஒரே நாளில் வடிகட்டப்பட்டுவிடும். பாசி எவ்வளவு வேகமாகப் பெருகினாலும் அதைவிட வேகமாக மேயப்படும் இந்த நிலையில்தான், சத்து நிறைந்த குளத்திலும் நீர் தெளிகிறது. பாசிக்கு வேண்டிய பாஸ்பரசும் நைட்ரஜனும் நீரில் குறைவின்றி இருக்கும்போதே நீர் தெளிவாக இருக்க முடியும் என்பதைப் பலர் நம்ப மறுப்பார்கள். எனினும் ஏரி, குள ஆய்வுகளில் நன்கு நிறுவப்பட்ட செய்தி இது.

இவை பெருகும் முறையும் வியப்பானது. உணவு நிறைந்திருக்கும் வரை கூட்டத்தில் ஏறத்தாழ எல்லாமே பெண்கள். கருவுறாத முட்டைகளை முதுகுப்புறத்து அடைகாப்பறையில் சுமந்து, தம்மை ஒத்த பெண்குஞ்சுகளையே அவை ஈனுகின்றன. 20 டிகிரி வெப்பத்தில் டாப்னியா மேக்னா சுமார் பத்து நாள் வயதில் முதல் ஈற்றை வெளியிட்டு, பின்னர் மூன்று நான்கு நாளுக்கொருமுறை ஈன்றுகொண்டே இருக்கிறது. நம் ஊர் வெப்பத்தில் மொய்னா நான்கைந்து நாளிலேயே தாயாகிவிடுகிறது. ஆகவே ஒரு குளத்தில் தேடினாலும் கிடைக்காத உயிர், மூன்று வாரத்தில் நீரெங்கும் நிறைந்திருக்கலாம். உணவு குறைந்து நெரிசல் மிகும்போதும், குளிர்நாடுகளில் பகற்பொழுது சுருங்கும்போதும் ஆண்கள் தோன்றுகின்றன. கலவியால் உண்டாகும் முட்டைகள் கரிய, தடித்த உறைக்குள் அடைபட்டு, குளத்தடி வண்டலில் உறங்கத் தொடங்குகின்றன. இந்த உறக்க முட்டைகளைப் பற்றிப் பின்னால் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது.

பருவமாற்றத்தைக் குறித்து உலகில் பெரிதும் எடுத்தாளப்படும் விளக்கம், உல்ரிச் சோமரும் உடனாய்வாளர்களும் 1986-இல் 24 கூற்றுகளாக வகுத்தளித்த, பிளாங்டன் (நீரில் மிதந்து வாழும் நுண்ணுயிர்கள்) சூழலியல் குழு மாதிரி எனப்படுவது. அது ஐரோப்பியக் குளிர்நாட்டு ஏரிகளை அடிப்படையாகக் கொண்டது: வசந்தத்தில் ஒளி கூடச் சிறுபாசிகள் பெருகும், அவற்றைத் தின்று டாப்னியா பெருகும், மே, ஜூன் வாக்கில் பாசி தீர்ந்து சில வாரங்கள் நீர் கண்ணாடியாகத் தெளியும், பிறகு உணவின்மையாலும் அவ்வாண்டு பிறந்த மீன்குஞ்சுகளின் வேட்டையாலும் டாப்னியா சரியும், மேய்பவை குறைந்த கோடையில் உண்ணக் கடினமான பெரிய பாசிகளும் நீலப்பச்சைப் பாசிகளும் ஏரியைப் பிடித்துக்கொள்ளும். நம்மிடம் பனியும் இல்லை, உறைந்த ஏரியும் இல்லை. அந்த நாட்காட்டியை நம் குளத்துக்கு அப்படியே பொருத்துவது பிழை. ஆனால் அதனுள் இயங்கும் காரணங்கள், அதாவது உணவு, வெப்பம், மீனின் வேட்டை ஆகிய மூன்றும், இங்கும் அவையே; அவை வந்துசேரும் ஒழுங்கை மட்டும் பருவமழை மாற்றியமைக்கிறது.

நம் பக்கத்தில் ஐப்பசி, கார்த்திகை மழையில் வரத்துக் கால்வாய் வழியே வரும் செந்நீர் குளத்தை நிரப்புகிறது. மண்துகள் மிகுந்த நீரில் ஒளி இறங்காததால் பாசி வளர்ச்சி மட்டுப்படுகிறது. நீர்த்தெள்ளுகளின் சல்லடைக்குள் உணவோடு களிமண்ணும் சேர்ந்து போகிறது. குளம் நிரம்பி வழியும் நாள்களில் அவற்றில் ஒரு பங்கு உபரி நீரோடு வெளியேறியும் விடுகிறது. மழை ஓய்ந்து மண் படிந்த பின், மார்கழி, தை மாதங்களின் மிதமான வெப்பத்தில், புதுநீர் கொண்டுவந்த சத்தில் சிறு பச்சைப் பாசிகளும் டயாட்டம் என்னும் ஓடுடைய நுண்பாசிகளும் வளர்கின்றன. இவை நீர்த்தெள்ளுகளுக்கு மிக உகந்த உணவு. மீன் அடர்த்தி குறைவாக உள்ள குளங்களில் இப்பருவத்தில் அவை பெருகுவதையும், சில வாரங்களில் நீர் தெளிவதையும் காணலாம். எல்லாக் குளத்துக்கும் இதுவே விதி என்று நான் கூற வரவில்லை. தமிழகக் குளங்களில் நடந்த ஆய்வுகளிலேயே நீர்த்தெள்ளுகளின் உச்சம் கோடையில் இருந்ததாகச் சொல்பவையும் உண்டு, மழைக்குப் பிந்திய பருவத்தில் இருந்ததாகச் சொல்பவையும் உண்டு. குளத்தின் ஆழம், மீனின் அளவு, எந்தப் பாசி ஆதிக்கம் செலுத்துகிறது என்பவற்றைப் பொறுத்து இது மாறுவதால்தான், ஒரு குளத்துக்குச் சொன்ன வைத்தியத்தை மற்றொன்றுக்குச் சொல்லக் கூடாது என்கிறேன்.

பங்குனிக்கு மேல் நிலைமை வேறு. நீர்மட்டம் இறங்க இறங்க அதே சத்து குறைந்த நீரில் செறிகிறது. அடிநீரில் ஆக்சிஜன் அற்றுப்போகும்போது, பல ஆண்டுகளாக வண்டலில் படிந்து கிடந்த பாஸ்பரசும் மீண்டும் நீருக்குள் கசிகிறது. அதாவது, அன்று காலை ஒரு சொட்டுச் சாக்கடைகூடக் கலக்காவிட்டாலும் குளம் தன் சேற்றிலிருந்தே தனக்கு உரம் இட்டுக்கொள்கிறது. இந்த வெப்பத்தில் தழைப்பது மைக்ரோசிஸ்டிஸ் என்னும் நீலப்பச்சைப் பாசி. அது பசை உறைக்குள் கூட்டம் கூட்டமாக மிதப்பதால் நீர்த்தெள்ளுகளால் எளிதில் விழுங்க முடிவதில்லை; சல்லடையை அடைக்கிறது; அதன் சில வகைகள் மைக்ரோசிஸ்டின் என்ற நஞ்சையும் சுரக்கின்றன; தின்ன முடிந்தாலும் வளர்ச்சிக்கு வேண்டிய கொழுப்புச் சத்து அதில் குறைவு. பெரிய டாப்னியா இனங்கள் இதனால் முதலில் நலிகின்றன. மொய்னா போன்ற சிறியவையும், ரோட்டிபர் என்னும் அவற்றினும் நுண்ணிய விலங்குகளும் எஞ்சி நிற்கின்றன. இது புதிதாக வந்த சிக்கலும் அன்று. மைக்ரோசிஸ்டிஸ் நிரந்தரமாகப் படர்ந்திருந்த ஒரு கோயில் குளத்தின் சூழலியலைப் பற்றி எஸ்.வி. கணபதி 1940-ஆம் ஆண்டிலேயே பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் கட்டுரை எழுதியிருக்கிறார்.

கோடையில் சில குளங்களின் ஓரத்தில் செந்நிறத் திட்டுகள் தோன்றுவதுண்டு. அவற்றுள் சில யூக்ளினா வகைப் பாசி. வேறு சில, ஆக்சிஜன் குறைந்த நீரில் உடலில் ஹீமோகுளோபினைப் பெருக்கிக்கொண்டு சிவந்துபோன நீர்த்தெள்ளுக் கூட்டங்கள். ஒரு சொட்டு நீரை உருப்பெருக்கியில் பார்த்தாலே இரண்டையும் பிரித்துவிடலாம். பார்க்காமலே சாயப்பட்டறைக் கழிவு என்று முடிவுகட்டுவது குளத்துக்கும் நல்லதன்று, பட்டறைக்காரருக்கும் நல்லதன்று.

இனி மீனுக்கு வருகிறேன். பச்சைக் குளத்தில் மீன் விட்டால் அது பாசியைத் தின்று நீரைத் தெளியவைக்கும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. நாம் வழக்கமாக விடும் சிறுமீன்கள் பாசியைவிட நீர்த்தெள்ளுகளையே விரும்பித் தேடி உண்பவை. கண்ணால் இரை தேடும் மீனுக்குப் பெரிய நீர்த்தெள்ளுதான் முதலில் தெரியும். ஜான் புரூக்ஸ், ஸ்டான்லி டாட்சன் இருவரும் 1965-இல் ஸயன்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது: அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்துக் கிரிஸ்டல் ஏரியில், ஏல்வைஃப் என்னும் மீன் வருவதற்கு முந்திய 1942-ஆம் ஆண்டு மாதிரியில் இருந்த பெரிய நீர்த்தெள்ளுகள், அம்மீன் நிலைபெற்ற பின் 1964-இல் எடுத்த மாதிரியில் மறைந்து, சிறியவை மட்டுமே இருந்தன. நமக்கு இன்னும் நெருக்கமான சான்று 1972-இல் வெளிவந்த ஹர்ல்பர்ட் குழுவினரின் சோதனை. ஒரே மாதிரியான செயற்கைக் குளங்களில் சிலவற்றில் மட்டும் கம்பூசியா மீனை விட்டார்கள். மீன் விட்ட குளங்களில் நீர்த்தெள்ளு உள்ளிட்ட மேய்பவை சரிந்து, நுண்பாசி பெருகி, நீர் கலங்கியது. கொசு ஒழிப்புக்காக 1928-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு இன்றும் குளங்களில் விடப்படும் கம்பூசியா இதே மீன்தான். 1952-இல் வந்து சேர்ந்த ஜிலேபிக் கெண்டையோ, நீர்த்தெள்ளையும் தின்று, அடிச்சேற்றையும் கிளறி, ஆண்டு முழுவதும் குஞ்சு பொரித்துக்கொண்டும் இருப்பது. ஏற்கெனவே சத்து மிகுந்த குளத்தில் இவற்றை விடுவது, வேலிக்கு வெளியே ஆட்டை விரட்டிவிட்டு உள்ளே புல் மண்டிவிட்டதே என்று வருந்துவதைப் போன்றது.

கொசுவுக்கு என்ன செய்வது என்று கேட்பார்கள், நியாயமான கேள்வி. டெங்கு பரப்பும் ஏடிஸ் எஜிப்தி குளத்தில் முட்டையிடுவதில்லை. வீட்டுத் தொட்டியும் டயரும் தேங்காய்ச் சிரட்டையும் அதற்குப் போதும். சாக்கடைக் கொசுவான கியூலெக்ஸ், குளத்தின் கழிவுநீர் தேங்கிய ஓரங்களில் பெருகுவது உண்மையே. அதற்குக் கழிவுநீரைத் தடுப்பதும் ஓரத்து ஆகாயத்தாமரையை அகற்றுவதும்தான் முதல் மருந்து. நீர்த்தெள்ளுகளும் கொசுப்புழுக்களும் ஒரே நுண்ணுணவுக்குப் போட்டியிடுபவை என்பதையும் நினைவில் கொள்ளலாம். கொசுப்புழுவைக் கொல்ல ஊற்றும் அபேட் மருந்தும், பாசியைக் கொல்லத் தூவும் மயில்துத்தமும் நீர்த்தெள்ளுகளுக்குக் கொடிய நஞ்சு. மிகச் சிறிதளவு நச்சுக்கும் துவண்டுவிடும் இயல்பினால்தான், வேதிப்பொருள்களின் நச்சுத்தன்மையை அளக்கும் பன்னாட்டு வழிகாட்டு நெறிகளில் டாப்னியா மேக்னா சோதனை உயிராக வைக்கப்பட்டிருக்கிறது. மயில்துத்தம் தூவிய குளம் சில நாள் தெளிவாகத்தான் இருக்கும்; ஆனால் அடுத்த பாசி முளைக்கும்போது அதை மேய அங்கே ஒன்றும் இருக்காது.

நீர்த்தெள்ளின் மதிப்பைப் பணக்கணக்கில் கேட்பவர்களுக்கு அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து மெண்டோட்டா ஏரியைச் சொல்லலாம். பண்ணைக் கழிவால் சத்து மிகுந்த ஏரி அது. 1987-ஆம் ஆண்டுக் கோடையில், நீர்த்தெள்ளுகளைத் தின்னும் சிஸ்கோ மீன்கள் வெப்பத்தால் பெருமளவில் இறந்தன. அதன்பின் பெரிய டாப்னியா இனம் பெருகி நீர் தெளிந்தது. 2009-இல் அங்கே வேறொரு வேட்டை உயிர் கண்டறியப்பட்டது. அதுவும் ஒரு நீர்த்தெள்ளுதான். நீண்ட முள்வாலுடைய, மற்ற நீர்த்தெள்ளுகளைப் பிடித்துத் தின்கிற யூரேசிய இனம். டாப்னியா சரிந்தது, ஏரியின் தெளிவும் குறைந்தது. இழந்த தெளிவை மீட்க ஏரிக்குள் வரும் பாஸ்பரசை 71 விழுக்காடு குறைக்க வேண்டியிருக்கும் என்று 2016-இல் வெளியான ஆய்வொன்று கணக்கிட்டது. அதற்கான செலவு எட்டுக் கோடி டாலருக்கும் மேல். ஒரு சிற்றுயிர் இலவசமாகச் செய்துவந்த வேலையின் விலை அது.

இதைப் படித்துவிட்டு, குளத்தில் நீர்த்தெள்ளுகளை வாளி வாளியாகக் கொண்டுவந்து கொட்டினால் போதும் என்று யாரும் புறப்பட்டுவிட வேண்டாம். வெப்பநாட்டுக் குளங்களில் சிறுமீன்கள் ஆண்டு முழுவதும் இனம் பெருக்குவதால் பெரிய நீர்த்தெள்ளுகள் நிலைத்திருப்பது கடினம்; மைக்ரோசிஸ்டிஸ் படர்ந்துவிட்ட பின் அவற்றால் ஆகக்கூடியது குறைவு. குளிர்நாட்டு ஏரிகளில் மீனைக் குறைத்து நீரைத் தெளியவைத்த முயற்சிகள் கண்ட வெற்றி, வெப்பநாட்டில் அதே அளவில் கிடைக்கவில்லை. கழிவுநீரைத் தடுக்காமல் வேறு எதைச் செய்தாலும் பயன் நீடிக்காது. மூட்டை மூட்டையாகப் பொரியைக் குளத்தில் கொட்டும் பக்தர்களிடமும் இதைப் பணிவோடு சொல்ல வேண்டும். மீன் தின்றது போக மிஞ்சும் பொரியும், மீன் தின்ற பொரியும், இரண்டுமே கடைசியில் பாசிக்குத்தான் உணவு. நான் சொல்வதெல்லாம், தை முதல் பங்குனி வரை குளம் தானே தெளியும் அந்தச் சில வாரங்களை நம் கையால் கெடுத்துவிடக் கூடாது என்பதே.

தூர்வாருதல் பற்றியும் ஒரு சொல். சத்தேறிய சேற்றை அகற்றுவது மிக நல்லது. நான் அதை எதிர்க்கவில்லை. ஆனால், முன்னர்க் குறிப்பிட்ட உறக்க முட்டைகள் அந்த வண்டலின் மேற்பரப்பில்தான் பெரிதும் இருக்கின்றன. குளம் வற்றிக் கிடந்த பிறகும் புதுநீர் வந்த சில நாள்களில் நீர்த்தெள்ளுகள் தோன்றுவது இவற்றால்தான். இவற்றின் ஆயுள் நம்ப முடியாதது: அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து ஏரி ஒன்றின் அடிமண்ணிலிருந்து எடுக்கப்பட்ட, சுமார் 700 ஆண்டுப் பழைமையான முட்டைகளை ஆய்வாளர்கள் பொரிக்கவைத்து, அதை 2014-இல் வெளியிட்டார்கள். பெல்ஜியம் நாட்டில் 1970-இல் வெட்டப்பட்ட அவுட் ஹெவர்லே என்னும் மீன்குளத்தின் வண்டலை அடுக்கடுக்காக எடுத்து முட்டைகளைப் பொரித்தபோது, மீன் அதிகம் விடப்பட்ட காலத்து நீர்த்தெள்ளுகள் ஒளியைக் கண்டு விலகும் இயல்பு மிகுந்தும், மீன் குறைந்த காலத்தவை அவ்வியல்பு குறைந்தும் இருந்தன. மீனிடமிருந்து தப்பக் கற்ற பரம்பரைகள் அந்த வண்டலுக்குள் வரிசையாக உறங்கிக்கொண்டிருந்தன என்று பொருள். குளத்தின் கரம்பையை ஒரு வண்டிகூட விடாமல் வாரி வயலுக்கு அனுப்பிவிட்டு, அடியில் சிமெண்ட் தளம் போடும்போது இந்தச் சேமிப்பு முழுவதும் தொலைகிறது. தூர்வாரும்போது ஒரு மூலையில் சிறு பகுதியை மேல்வண்டலோடு விட்டுவைப்பதில் எவருக்கும் இழப்பில்லை. சிமெண்ட் தளத்துக்கு மட்டும் எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

என் வேண்டுகோள் செலவு மிகுந்ததன்று. எந்தக் குளத்திலும் மீன்குஞ்சு விடுவதற்கோ மருந்து தூவுவதற்கோ முன், ஓராண்டுக் காலம் நீர்த்தெள்ளுகளை எண்ணிப் பார்க்க வேண்டும். மொய்னாவின் தலைமுறை ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடுவதால், மாதம் ஒருமுறை மாதிரி எடுத்தால் ஒரு பெருக்கமும் ஒரு வீழ்ச்சியும் நம் கண்ணில் படாமலே இடையில் நடந்து முடிந்திருக்கும். பதினைந்து நாளுக்கு ஒருமுறையும், தை முதல் சித்திரை வரை வாரம் ஒருமுறையும் எடுப்பது தகும். நீர்த்தெள்ளுகள் ஓரிடத்தில் திரண்டு மற்றோரிடத்தில் அருகிக் கிடப்பவை என்பதாலும், பகலில் கீழிறங்கி இரவில் மேலேறும் பழக்கம் பலவற்றுக்கு உண்டு என்பதாலும், எப்போதும் ஒரே காலை நேரத்தில், நான்கு கரையிலும் நடுவிலுமாகச் சேர்த்து ஐம்பது லிட்டர் நீரை நுண்வலையில் வடித்து, நான்கு விழுக்காட்டு பார்மலினில் இட்டுவைத்து, உருப்பெருக்கியில் எண்ணலாம். எந்த இனம் எத்தனை, முட்டை சுமப்பவை எத்தனை, கரிய உறக்க முட்டை கொண்டவை எத்தனை என்று பிரித்துக் குறித்தால், கூட்டம் ஏறுமுகத்தில் இருக்கிறதா இறங்குமுகத்தில் இருக்கிறதா என்பது அடுத்த வாரத்துக்குக் காத்திராமலே தெரிந்துவிடும். கூடவே, கறுப்பும் வெள்ளையுமான இருபது செண்டிமீட்டர் வட்டத் தகடொன்றை நீரில் இறக்கி, அது எந்த ஆழத்தில் மறைகிறது என்று அளந்தால் நீரின் தெளிவும் பதிவாகும். 1865-இல் அஞ்சலோ செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார் பயன்படுத்திய இந்த எளிய முறையைவிடச் சிறந்த மலிவான முறை இன்றுவரை வரவில்லை. விலங்கியல் துறை உள்ள எந்தக் கல்லூரியின் இளநிலை மாணவர்களும் இதைச் செய்துவிடுவார்கள். அவர்களுக்கும் இது பாடமாகும்.

அந்தக் கணக்கு கையில் வந்தபின் முடிவெடுக்கலாம். தை, மாசியில் நீர்த்தெள்ளுகள் நிறைந்து நீர் தெளிகிற குளமென்றால் அங்கே கம்பூசியாவையும் ஜிலேபிக் கெண்டையையும் எக்காலத்திலும் விடாமலிருப்பதும், நீர்த்தெள்ளுகளை விரும்பி உண்ணும் கட்லாவின் குஞ்சுகளை அப்பருவத்தில் விடாமலிருப்பதும் போதும். ஆண்டு முழுவதும் சிறு இனங்கள் மட்டுமே அற்பமாக இருக்கும் குளமென்றால் சிறுமீன் மிகுந்துவிட்டது என்று பொருள். வலையிட்டு அவற்றைக் குறைப்பதும், அவற்றை வேட்டையாடும் நம் மண்ணின் விரால் மீனுக்கு இடம் கொடுப்பதும் எண்ணிப் பார்க்கத் தக்கவை. பாசி இருந்தும், மீன் இல்லாதிருந்தும், நீர்த்தெள்ளு அறவே இல்லையென்றால், நஞ்சு கலக்கிறதா என்று வரத்துக் கால்வாயைப் பின்தொடர்ந்து சென்று பார்க்க வேண்டும்.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும், மார்கழி முதல் வாரத்தில், மாவட்டத்துக்கு ஒரு கோயில் குளத்திலாவது முதல் மாதிரியை எடுக்கும்படியும், ஓராண்டுக் கணக்கு முடியும் வரை அக்குளத்தில் மீன் விடுவதையும் மயில்துத்தம் தூவுவதையும் நிறுத்திவைக்கும்படியும் குளங்களை நிர்வகிப்போரைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற விலங்கியல் பேராசிரியர் ஒருவர்,
தஞ்சை மாவட்டம்